ஆன்டிபாடி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு செய்யக்கூடாத தவறுகள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் புளோக்கில் இருக்கும் அக்கா ஒருவர் போன வாரம் இரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினார். "தம்பி, ஏஎன்ஏ பாசிட்டிவ்னு போட்டிருக்கு. கண்ணு போயிடுமா?" அவருக்குக் கண்ணில் எந்தத் தொந்தரவும் இல்லை. எனக்கு யுவைட்டிஸ், அதாவது கண்ணுக்குள் வரும் அழற்சி, இருப்பது தெரிந்துதான் கேட்டார்.

ஆன்டிபாடி என்பது கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம். ஏஎன்ஏ என்பது நம் சொந்த செல்லின் கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடி. நோயே இல்லாதவர்களிலும் 1:80 அளவில் (இரத்த மாதிரியை 80 மடங்கு நீர்த்துப் பார்க்கும்போது) நூறில் 13 பேர் வரை இது தென்படும். ஆனால் மூட்டுவாதம் உள்ள குழந்தைக்கு ஏஎன்ஏ பாசிட்டிவ் என்றால் விஷயம் வேறு. அந்தப் பிள்ளையின் கண் பெரும்பாலும் சிவக்காது, வலிக்காது. ஆனாலும் உள்ளே அழற்சி சத்தமில்லாமல் நடக்கலாம். வலி இல்லையே என்று கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

"ரிப்போர்ட் எல்லாம் நார்மல், அப்போ கண்ணில் ஒன்றுமில்லை" என்பது இதற்கு நேர்மாறான தவறு. யுவைட்டிஸில் பெரும்பாலும் முன்னின்று தாக்குவது டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள், ஆன்டிபாடிகள் அல்ல. ஆன்டிபாடி எதுவும் தென்படாமலேயே நோய் இருக்கலாம். யுவைட்டிஸ் என்றால் பார்க்கச் சொல்லும் எச்எல்ஏ-பி27 ஆன்டிபாடியே அல்ல, பிறவியில் வரும் ஓர் அடையாளம். அது உள்ள பெரும்பாலோருக்குக் கண் நோய் வருவதே இல்லை. அக்குவாபோரின்-4 ஆன்டிபாடி மட்டும் இதிலெல்லாம் சேராது. பார்வை நரம்பைத் தாக்கும் என்எம்ஓ நோயில் குற்றவாளியே அதுதான்.

சரி, சொட்டு மருந்துக்கு வருவோம். வீட்டில் மிச்சமிருந்த ஸ்டீராய்டு சொட்டை யாரோ சொன்னார்கள் என்று விடுவதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. கண் சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் கிருமியாக இருந்தால் கருவிழியே புண்ணாகிப்போகும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும். அப்புறம், டாக்டர் கொடுத்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. உடல் தனக்குத் தேவையான கார்ட்டிசோல் ஹார்மோனைத் தானே சுரப்பதைக் குறைத்திருக்கும், அழற்சியும் திரும்பிவரும்.

காசநோய் பற்றி ஒளிக்காதீர்கள். "கண்ணுக்கு எதுக்கு நெஞ்சு எக்ஸ்ரே?" என்று நானும் முகம் சுளித்தேன். காசநோயும் சிபிலிஸும் யுவைட்டிஸ் போலவே கண்ணில் வரும். மலேசியாவில் காசநோய் இன்னும் இருக்கிறது. உள்ளே உறங்கும் கிருமியைக் கண்டுபிடிக்காமல் அடலிமுமாப் போன்ற எதிர்ப்புசக்தியை அடக்கும் ஊசியைப் போட்டால் அது விழித்துக்கொள்ளலாம். தாத்தாவுக்கு இருந்ததா, கூட வேலை செய்தவருக்கு இருந்ததா என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

வெளிச்சம் பார்த்தால் கண் கூசி வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். வீட்டில் இருக்கும் சொட்டு பாட்டில்கள் அத்தனையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.