அறிவொளிக் கால அரசியல் நூல்களை வாசிப்பது எப்படி?

ஐரோப்பாவில் பகுத்தறிவை முன்னிறுத்திய, பதினெட்டாம் நூற்றாண்டை ஒட்டிய அறிவொளிக் காலத்து அரசியல் நூல் எதைக் கையில் எடுத்தாலும், அரசின் வடிவத்தைப் பேசும் அத்தியாயத்துக்கு நேராகப் போய்விடாதீர்கள். அரசே இல்லாத இடத்தில் மனிதர் எப்படி நடந்துகொள்வார்கள் என்று அதன் ஆசிரியர் கருதுகிறார் என்பதை முதலில் தேடுங்கள். 'இயற்கை நிலை' என்று அவர்கள் அழைத்த அந்தச் சூழலை நடந்த வரலாறாக எண்ண வேண்டியதில்லை. அரசை நீக்கிவிட்டால் மிஞ்சுவது என்ன என்று பார்க்கும் சிந்தனைச் சோதனையாகக் கொண்டாலே போதும்.

தாமஸ் ஹாப்ஸிடமிருந்து தொடங்குவது நல்லது. காலத்தால் அவர் சற்று முந்தியவர். ஆனால் பின்வந்த பலர் அவருக்கு மறுமொழியாகவே எழுதினார்கள். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் வாழ்ந்த அவர், 1651இல் வெளியான 'லெவியத்தான்' நூலில், மனிதர் ஏறத்தாழச் சம வலிமை உடையவர்கள் என்பதால் எவரும் எவரையும் கொல்ல இயலும் என்றும், அதனால் ஒவ்வொருவரும் மற்றவருக்கு அஞ்சியே வாழ நேர்கிறது என்றும் வாதிட்டார். அந்த அச்சத்தைப் போக்கவே, எவராலும் எதிர்க்க முடியாத இறைமை அதிகாரத்தை அவர் வேண்டினார்.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்றைக் கேளுங்கள்: ஆள்பவரும் மனிதர்தானே, அவருடைய இயல்பு பற்றி நூலாசிரியர் என்ன சொல்கிறார்? என் அனுபவத்தில் இதைவிடப் பயனுள்ள கேள்வி வேறில்லை. ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் லாக் 1689இல் தம் பெயரைக் குறிப்பிடாமல் வெளியிட்ட அரசாங்கம் பற்றிய நூலில், மரநாய்க்கும் நரிக்கும் அஞ்சித் தற்காப்புத் தேடும் மனிதர் சிங்கத்தின் வாயில் விழுவதைப் பாதுகாப்பு என்று எண்ணுவார்களா என்று கேட்கிறார். அவர் கண்ட மனிதர் பகுத்தறிவு உடையவர். ஆனால் தம் வழக்குக்குத் தாமே நீதிபதியாகும்போது நடுநிலை தவறுபவர். ஆகவே அவருடைய அரசு மக்களின் இசைவால் அமைந்த பொது நடுவராகிறது. உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றைக் காக்கத் தவறினால் அதை நீக்கும் உரிமையும் மக்களுக்கு உண்டு. ஆள்பவர் மீதான அதே ஐயத்தைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூ 1748இல் அமைப்பு விதியாக மாற்றினார்: அதிகாரம் பெற்றவர் எவரும் அதை எல்லை மீறிப் பயன்படுத்த முற்படுவார், எனவே ஓர் அதிகாரத்தை மற்றோர் அதிகாரமே தடுக்க வேண்டும். 1788இல் அமெரிக்க அரசியலமைப்புக்காக வாதாடிய ஜேம்ஸ் மேடிசனிடமும் இந்தத் தொடர்ச்சியைக் காணலாம்.

ஜெனீவாவில் பிறந்த சிந்தனையாளர் ரூசோவைத் தனியாக வாசியுங்கள். முன்னவர்கள் மனித இயல்பு என்று காட்டியவற்றுள் பல, சமூகத்தில் கற்றவை என்று 1755இல் அவர் மறுத்தார். பிறரோடு ஒப்பிட்டுப் பெருமை தேடும் குணம் அவற்றுள் முதன்மையானது. 1762இல் அவர் முன்வைத்த 'பொது விருப்ப'த்தை, அதாவது பொது நலனை நாடும் மக்களின் கூட்டு விருப்பத்தை, பெரும்பான்மை வாக்கு என்று சுருக்கிவிடாதீர்கள். தனித்தனி நலன்களின் கூட்டுத்தொகையிலிருந்து அவரே அதை வேறுபடுத்துகிறார்.

இறுதியாக, 'மனிதர்' என்ற சொல்லுக்குள் யாரெல்லாம் அடங்குகிறார்கள் என்று பாருங்கள். உரிமைகளைப் பேசிய லாக், அடிமை வணிகம் செய்த ஒரு நிறுவனத்தில் முதலீடு செய்திருந்தார். 1792இல் ஆங்கில எழுத்தாளர் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் இந்த வாசிப்பு முறையையே ரூசோவின் மீது திருப்பினார்: பெண்களின் இயல்பு என்று ரூசோ எழுதியது, அவர்களுக்குக் கல்வி மறுக்கப்பட்டதன் விளைவு என்று காட்டினார்.