ரூலெட்: உட்காருமுன் பூஜ்ஜியத்தை எண்ணுங்கள்

மதுரையிலிருந்து கோவா கிளம்பும் நம்ம ஊர்ப் பையன்களுக்கு காசினோவை ஒரு தடவை பார்த்துவிடும் ஆசை இருக்கும். சரி, 21 வயது ஆகியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

ரூலெட் என்றால், சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண் குழியில் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம். மேஜையில் உட்காருமுன் சக்கரத்தில் எத்தனை பூஜ்ஜியம் என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் 37 குழிகள், இரண்டு என்றால் 38. ஒற்றை எண்ணில் 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் இரண்டிலும் 3,500 ரூபாய்தான் லாபம். ஆனால் காசினோவின் சாதகம், அதாவது கட்டும் பணத்தில் சராசரியாக அவர்களுக்குப் போய்ச் சேரும் பங்கு, 2.7 சதவீதத்திலிருந்து 5.26 ஆக ஏறிவிடும். சிவப்பு, கறுப்பில் கட்டினால் போட்ட அளவு லாபம். பச்சைப் பூஜ்ஜியம் விழுந்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் போச்சு.

"அஞ்சு தடவை கறுப்பு, அடுத்து சிவப்புதான் மாப்ள!" என்று என் மச்சான் அடித்துச் சொன்னார். ஆறாவதும் கறுப்பு. பந்துக்கு ஏது ஞாபகம்? தமுக்கம் பொருட்காட்சியில் வளையம் எறிவதற்காவது குறி வேண்டும். இதில் அதுவும் கிடையாது.

அப்புறம், மேஜையில் பணத்துக்குப் பதிலாகக் கட்ட, ஆளுக்கொரு நிறத்தில் சில்லு தருவார்கள். எழும்போது அதை அங்கேயே கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். வேறு மேஜையில் அது செல்லாது.