வனச் சான்றிதழும் ஊர்மக்களின் உரிமையும்: மரம் வெட்டும் திட்டத்தை வகுக்கும் முறை

நிலையான வன மேலாண்மைக்கான சான்றிதழை நாடுவோர் பெரும்பாலும் எவ்வளவு மரம் வெட்டலாம் என்ற கணக்கிலிருந்தே வேலையைத் தொடங்குகிறார்கள். எங்கே மரம் வெட்டுவது என்று காட்டும் வெட்டு வரைபடம் முடிவான பிறகு ஊர்மக்களை அழைத்துக் கையெழுத்து வாங்குவதைக் கலந்தாலோசனை என்று சொல்ல முடியாது. காட்டில் மக்கள் பயன்படுத்தும் இடங்களைக் குறிக்கும் மக்களின் வரைபடம் முதலில் வரையப்பட வேண்டும்; வெட்டு வரைபடம் அதன்மேல் அமைய வேண்டும்.

இத்தகைய சான்றிதழுக்கான விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான, 1993இல் நிறுவப்பட்ட எஃப்எஸ்சியில் (Forest Stewardship Council) சமூகம், சுற்றுச்சூழல், பொருளாதாரம் ஆகிய மூன்று அவைகளுக்கும் சம வாக்கு வலிமை உண்டு. அதன் 10 கோட்பாடுகளில் மூன்றாவது பழங்குடியினரின் உரிமைகளையும் நான்காவது உள்ளூர் மக்களுடனான உறவையும் பேசுகின்றன. ஆகவே மக்களின் நலன் சான்றிதழின் அடிப்படைகளில் ஒன்று.

மக்களின் வரைபடம் தயாரிக்க, காட்டைப் பயன்படுத்துவோருடன் காட்டுக்குள் நடந்து செல்லுங்கள். விறகு பொறுக்கும் பெண்கள், தேன் எடுப்போர், மேய்ப்பர்கள், மூலிகை அறிந்தோர் ஆகியோரைத் தனித்தனியே சந்தியுங்கள். பொதுக் கூட்டத்தில் இவர்களில் பலர் வாய் திறப்பதில்லை. நீரூற்று, வழிபாட்டிடம், இடுகாடு ஆகியவற்றோடு எந்தப் பருவத்தில் எது பயன்படுகிறது என்பதையும் குறியுங்கள். உதாரணமாக, குடிநீர் ஊற்றைச் சுற்றி மரங்களை விட்டுவைத்தால் போதும் என்று கருதப்படுகிறது. ஆனால் மேலேயுள்ள சரிவில் மரம் இழுக்கும் பாதை அமைந்துவிட்டால், முதல் மழையிலேயே வண்டல் ஊற்றில் வந்து சேரும். பாதையையே மாற்ற வேண்டும். அதேபோல், தேன்கூடு தங்கும் பொந்து மரத்துக்கு அடையாளம் இடும்போது, பக்கத்து மரங்கள் எத்திசையில் சாய்க்கப்படும் என்பதையும் அங்கேயே முடிவு செய்யுங்கள்.

அடுத்ததாகப் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. மக்களுக்கென ஒதுக்கிய பகுதியைப் பரப்பளவிலிருந்து கழித்துவிட்டு, ஆண்டு வெட்டு அளவை மட்டும் பழையபடியே வைத்துக்கொள்கிறார்கள். அப்போது எஞ்சிய பகுதிகளில் வளர்ச்சியை மிஞ்சிய வெட்டு நடக்கிறது. ஒதுக்கிய பகுதியின் வளர்ச்சியையும் கணக்கிலிருந்து நீக்கி, வெட்டு அளவைக் குறைத்தாக வேண்டும். இதனால் வருமானம் குறையும் என்பதை முதலீட்டாளரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை.

பழங்குடியினரின் உரிமையைத் தொடும் பணிகளுக்கு, பணி தொடங்கும் முன்பே, நெருக்கடியின்றி, முழு விவரத்துடன் அவர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் 2007ஆம் ஆண்டுப் பிரகடனமும் இதை வலியுறுத்துகிறது. லாரிப் பாதை, வேலைக்காலம், வருமானப் பங்கு ஆகியவற்றை அவர்கள் மொழியில் விளக்கி, அவர்கள் தமக்குள் பேசி முடிக்க அவகாசம் கொடுங்கள். மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் ஒப்புதலுக்குப் பொருளே இல்லை. உடன்பாட்டை எழுத்தில் வடித்து, கிளைவிறகு யாருக்கு, வேலைவாய்ப்பு எவ்வாறு, மறுஆய்வு எப்போது என்பவற்றையும் அதில் சேருங்கள்.

புகார்களுக்குப் பதிவேடு வைத்து, பெரிய தகராறு எழுந்த இடத்தில் வெட்டை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். சான்றிதழ் 5 ஆண்டுகள் செல்லும் என்றாலும் ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. தணிக்கையாளர்கள் ஊர்மக்களிடமும் நேரில் விசாரிப்பார்கள். அதற்காகக் காத்திராமல், வெட்டு முடிந்து முதல் மழை பெய்ததும், வரைபடம் வரைந்த அதே மக்களுடன் அதே வழியில் மீண்டும் நடந்து, ஊற்று நீரின் நிலை உட்பட அவர்கள் சுட்டும் ஒவ்வொரு குறையையும் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் எழுதிச் சேருங்கள்.