வீட்டிலேயே கட்ட எந்த பைப்ளேன் (இரட்டை இறக்கை விமானம்)? தென்னாப்பிரிக்க டர்பன்காரரின் கணக்கு

பைலட் லைசென்ஸும் டெயில்வீல் (சின்னச் சக்கரம் வாலில் இருக்கும் விமானம்) பழக்கமும் உங்களுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1. கராஜை அளந்துவிடுங்கள். பிட்ஸ் எஸ்-1எஸ் விமானத்தின் மேல் இறக்கை ஒரே துண்டு, 17 அடி 4 அங்குலம். டர்பனின் சாட்ஸ்வர்த் பக்கத்து இரண்டு கார் கராஜில் எப்படியோ அடங்கிவிடும். இரண்டு சீட் ஸ்டீன் ஸ்கைபோல்ட் என்றால் 24 அடி. கொட்டகை தேட வேண்டும்.

2. ஒரு சீட்டா, இரண்டா? கூட ஆள் ஏற்ற ஆசையிருந்தால் ஸ்கைபோல்ட் (லமார் ஸ்டீன் என்ற பள்ளி ஆசிரியர் வடிவமைத்தது, 1970இல் பறந்தது) அல்லது அக்ரோ ஸ்போர்ட் 2. தனியாள் என்றால் என் ஓட்டு பிட்ஸுக்கே. அதிலும் எஸ்-1சி வகையில் இறக்கையின் அடி தட்டை, எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டும் இறக்கை மடல்) இரண்டுதான். எஸ்-1எஸ்ஸில் நான்கு, இறக்கையின் மேலும் கீழும் ஒரே வளைவு, அதனால் தலைகீழாகவும் நன்றாகப் பறக்கும்.

3. எங்கிருந்து பறப்பீர்கள்? நான் அதிகம் குழம்பியது இங்கேதான். டர்பனின் வர்ஜீனியா விமானநிலையம் கடலோரம். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஜெர்மிஸ்டனின் ராண்ட் விமானநிலையமோ 5,483 அடி உயரத்தில். 180 குதிரைத்திறன் லைகாமிங் எஞ்சின் அங்கே ஏறக்குறைய 150தான் தரும். 30 டிகிரி வெயிலடித்தால் காற்று 8,500 அடியில் இருப்பதுபோல் மெலிந்துவிடும். இறக்கைக்கும் ப்ரொப்பெல்லருக்கும் அதே மெலிந்த காற்றுதான். ஆகவே விற்பனைத் தாளில் போட்டிருக்கும் ஏறும் வேகத்தை நம்பாதீர்கள். அது கடல்மட்டக் கணக்கு. இரண்டு பேர், முழு டாங்க், உங்கள் ஓடுதளம், ஜனவரி மதியம் (இங்கே அது கோடை): இதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

4. ப்ளைவுட்டில் காக்பிட் மாதிரி செய்து, பாராசூட் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். முட்டி இடித்தால் வேறு டிசைன் பாருங்கள்.

5. உடல் சட்டத்துக்கான எஃகுக் குழாயை வெட்டும் முன்பே சிவில் ஏவியேஷன் ஆணையத்திடம் பேசிவிடுங்கள்.

வெல்டிங்குக்கு டிக் (TIG, மின்சார வெல்டிங்) மெஷின்தான் வேண்டும் என்பார்கள். 4130 எஃகுக் குழாய்க்கு எனக்கு கேஸ் டார்ச்சே பிடிக்கும், செலவும் குறைவு. நம் ஊர் உப்புக்காற்றில் வெறும் குழாய் சீக்கிரம் துருப்பிடிக்கும், அன்றன்றே ப்ரைமர் அடித்துவிடுங்கள்.

பின்சேர்ப்பு: "பெரிய எஞ்சின் போட்டால் உயரப் பிரச்சினை தீராதா?" என்று ஜோகன்னஸ்பர்க் வாசகர் கேட்டார். ஓரளவு தீரும். ஆனால் 200 குதிரைத்திறன் லைகாமிங் எடை கூடியது, மூக்கு கனக்கும். டிசைனர் அந்த எஞ்சினை அனுமதித்திருக்கிறாரா என்று வரைபடத்தில் பாருங்கள். எதைப் போட்டாலும் மிதவை கார்புரேட்டர் வேண்டாம், தலைகீழானதும் எஞ்சின் திணறும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோடு தலைகீழ் ஆயில் சிஸ்டத்துக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.