மலை ஏறும் பிக்கப்புக்கு எலக்ட்ரிக் ஃபேன்: நானே மாட்டிய கதையும் முறையும்

சேலம் லீ பஜாரில் மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் ஏற்காடு போய் வருகிற வண்டி என்னுடையது. பழைய டீசல் பிக்கப். அடிவாரத்தில் டெம்பரேச்சர் முள் பாதியில் நிற்கும். பத்தாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் சிவப்புக் கோட்டைத் தொடப் பார்க்கும். கோடை விழா சமயத்தில் ஒரு நாள் நெரிசலில் மாட்டி, முன்னும் பின்னும் சுற்றுலாக் கார்கள் நிற்க, நடுவில் இட்லிக் குண்டான் மாதிரி ஆவி விட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்கு முடிவு செய்ததுதான் இந்த வேலை.

முதலில் ஒரு சோதனை. வண்டி நன்றாகச் சூடான பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, துணியைப் பிடித்துக்கொண்டு, இன்ஜின் சுற்றுகிற பழைய ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். நடுவில், இன்ஜின் சுழற்சியை ஃபேனுக்குக் கடத்துகிற சிலிக்கான் ஆயில் கப்ளிங் நன்றாக இருந்தால் ஃபேன் இறுக்கமாக நகரும். தள்ளிவிட்டதும் நாலைந்து சுற்று லேசாக ஓடினால் கப்ளிங் போய்விட்டது. ஏற்காடு பாதையோ 20 வளைவு, சுமார் 1,200 மீட்டர் ஏற்றம், லோடோடு இரண்டாவது கியரில் ஊர்கிற வேகம். அந்த வேகத்தில் எதிர்க்காற்று என்று ஒன்று கிடையாது. ஃபேன் இழுக்கிற காற்றுதான் ரேடியேட்டருக்கு எல்லாமே.

ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தால் எந்த ஃபேனும் உதவாது. அதை முதலில் கழுவிவிடுங்கள். மூடியையும் பாருங்கள். ஏற்காட்டில் அடுப்பில் வைக்கிற தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் அப்படி ஆகாமல் காப்பது மூடி தாங்குகிற அழுத்தம். ரப்பர் செத்த மூடியை வைத்துக்கொண்டு ஃபேனுக்குச் செலவு செய்யாதீர்கள்.

வாங்க வேண்டியவை: ரேடியேட்டர் அகலத்துக்குப் பொருந்துகிற பெரிய 12 வோல்ட் ஃபேன் (எனக்கு 14 அங்குலம் அமைந்தது), 40 ஆம்பியர் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்கிற ஸ்விட்ச்), 30 ஆம்பியர் ஃபியூஸ், 4 சதுர மில்லிமீட்டர் வயர், 92 டிகிரியில் ஆன் ஆகி 87-இல் ஆஃப் ஆகிற டெம்பரேச்சர் ஸ்விட்ச், அதை ரேடியேட்டரின் மேல் ஹோஸில் பொருத்த ஓர் அலுமினிய அடாப்டர் (ஹோஸை வெட்டி நடுவில் செருகுகிற குழாய்த் துண்டு). அடாப்டர் வாங்கும் முன் ஹோஸின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். காயலான் கடையில் சின்னக் கார் ஃபேன் மலிவாகக் கிடைக்கும், ஆனால் டீசல் பிக்கப்புக்கு அது பத்தாது. வயரை முறுக்கி டேப் சுற்றுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. இன்ஜின் சூட்டில் பசை உருகி டேப் கழன்றுவிடும். வயர் முனையில் லக் (உலோக முனைத் துண்டு) வைத்து, அழுத்தி கிரிம்ப் செய்து, மேலே ஸ்லீவ் (உறை) போடுங்கள். மல்டிமீட்டர் இல்லையென்றால் பரவாயில்லை, ஒரு டெஸ்ட் லேம்ப் போதும்.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, பழைய ஃபேனை எடுங்கள். புது ஃபேனை ரேடியேட்டருக்குப் பின்னால், இன்ஜின் பக்கம், காற்றை இழுக்கிற மாதிரி மாட்டுங்கள். ஃபேனோடு கொடுக்கிற பிளாஸ்டிக் ஊசிகளை ரேடியேட்டர் தகடுகளின் ஊடே குத்தி மாட்டுவார்கள். அதைச் செய்யாதீர்கள். மலைப்பாதைக் குலுக்கலில் அவை குழாயை அறுத்துவிடும். ரேடியேட்டர் சட்டத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு அலுமினியப் பட்டை கொடுத்து, அதில் போல்ட் போடுங்கள்.

ஃபேன் எந்தத் திசையில் சுற்றுகிறது என்று தெரிய, அதை ஓடவிட்டு ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு தாளைக் காட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. தள்ளினால் வயரை மாற்றிக் கொடுங்கள். அப்போது இறக்கையையும் கழற்றித் திருப்பிப் போட வேண்டும். இல்லாவிட்டால் சுற்றும், காற்று பாதிதான் வரும்.

ரிலே வயரிங் பார்க்கத்தான் பயம். ரிலேயின் ஒவ்வொரு காலுக்கும் பக்கத்தில் 30, 85, 86, 87 என்று எண் இருக்கும். 30-ஆம் காலுக்கு பேட்டரி பிளஸ். இடையில் ஃபியூஸ், அது பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். 87 ஃபேனுக்குப் போகும். ஃபேனின் இன்னொரு வயர் இன்ஜினுக்கு எர்த், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற வழி. 86-க்குச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற வயர். 85 டெம்பரேச்சர் ஸ்விட்ச்சுக்கு, சூடானதும் அது எர்த் கொடுத்தால் ரிலே ஆன் ஆகும்.

நான் வழுக்கி விழுந்தது இந்த 85-இல்தான். எல்லாம் மாட்டியாயிற்று. 85-இலிருந்து வருகிற வயரை வண்டி பாடியில் தொட்டுப் பார்த்தேன், ஃபேன் சீறிக்கொண்டு ஓடியது. திருப்தியாக வயரை ஸ்விட்ச்சில் செருகிவிட்டு மறுநாள் லோடோடு கிளம்பினேன். பதினான்காவது வளைவில் முள் சிவப்பில். ஃபேன் மூச்சே விடவில்லை. வண்டியை ஓரம் கட்டி, வயரைப் பிடுங்கி இன்ஜின் போல்ட் ஒன்றில் சுற்றிவிட்டேன். உடனே ஓடியது. அப்படியே மேலே போய்ச் சேர்ந்தேன்.

ஸ்விட்ச்தான் செத்துவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் வேலை செய்யவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பி ஹோஸை ஒரு பார்வை பார்த்தான். "ரெண்டு பக்கமும் ரப்பரு. நடுவுல தொங்குற ஸ்விட்ச்சுக்கு எர்த்து எங்கிருந்துண்ணா வரும்?" என்று சிரித்தான்.

விஷயம் இதுதான். ஒரே ஒரு பின் உள்ள ஸ்விட்ச் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் பிடிக்கும். ரேடியேட்டரிலோ இன்ஜினிலோ நேரடியாக முடுக்கினால் சிக்கல் இல்லை. ஹோஸ் நடுவே அடாப்டரில் இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் தடுக்கிறது. அடாப்டரின் வெளிப்புறத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ ஓட்டை இருக்கும். நான் அதை என்னவோ என்று விட்டுவிட்டேன். அங்கிருந்து இன்ஜின் பிளாக்குக்கு ஒரு வயர் போடுங்கள். போடுகிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இரண்டு பின் ஸ்விட்ச் வாங்கினால் இன்னும் நல்லது, இரண்டாவது பின்னை எர்த்துக்குக் கொடுத்துவிடலாம்.

ஸ்விட்ச்சை மாட்டும் முன் வீட்டுப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஸ்விட்ச் முனையை அதில் தொங்கவிட்டு, டெஸ்ட் லேம்ப் எரிகிறதா என்று பாருங்கள். பாத்திரத்துக்காக வீட்டில் வாங்குகிற திட்டு தனி.

டேஷ்போர்டில் ஒரு கை ஸ்விட்ச்சும் வைத்துக்கொள்ளுங்கள். 85-இலிருந்து இன்னொரு வயர் எடுத்து, அந்த ஸ்விட்ச் வழியாக எர்த்துக்கு. டெம்பரேச்சர் ஸ்விட்ச் ஏமாற்றினாலும் நீங்கள் போட்டுவிடலாம். நான் அடிவாரம் செக்போஸ்டிலேயே போட்டுவிடுகிறேன்.

கூலன்ட் நிரப்பி, மூடி திறந்தபடி இன்ஜினை ஓடவிட்டு, காற்றுக் குமிழ் நின்ற பிறகு மூடுங்கள். சூடான பிறகு மூடியைத் திறக்காதீர்கள்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்த மேச்சேரிக்காரர் ஒருவர், பழைய ஃபேனைக் கழற்றியதிலிருந்து வாட்டர் பம்பில் கரகரவென்று சத்தம் வருவதாகச் சொன்னார். சில வண்டிகளில் ஃபேனையும் புல்லியையும் பிடிப்பது அதே போல்ட்தான். ஃபேனின் தடிமன் போன பிறகு அதே நீள போல்ட்டைப் போட்டால் முனை உள்ளே போய் பம்பில் உரசும். வாஷர் சேருங்கள், அல்லது குட்டையான போல்ட் வாங்குங்கள். என் வண்டியில் இது வரவில்லை, அதனால் எழுத மறந்துவிட்டேன்.

பின்சேர்க்கை 2: இரவில் ஹெட்லைட் மங்குகிறது என்று இருவர் கேட்டார்கள். இரண்டு 55 வாட் பல்பு 9 ஆம்பியர் எடுக்கும், ஃபேன் அதற்கும் மேலே. ஐட்லிங்கில் பழைய ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்கிற டைனமோ) திணறத்தான் செய்யும். முதலில் பெல்ட் இறுக்கத்தையும் பேட்டரி எர்த்தையும் பாருங்கள்.

பின்சேர்க்கை 3: ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்கிற மாதிரி மாட்டுங்கள். ஐப்பசி மழையில் என்னுடையதில் தண்ணீர் தேங்கிப் பச்சை பூத்துவிட்டது.