ஊரடங்கில் மாரத்தான் பயிற்சியா? மாடியில் எட்டு போடுங்கள்

2020 மார்ச்சில் பிரான்சின் துலூஸ் அருகே ஒருவர் தன் வீட்டு 7 மீட்டர் பால்கனியிலேயே மாரத்தானின் 42 கிலோமீட்டரையும் ஓடி முடித்தார். கிட்டத்தட்ட ஆறாயிரம் முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்! அவ்வளவு பிடிவாதம் நமக்கு வேண்டாம், முட்டி பாவம்.

மொட்டை மாடி இருந்தால் அதுவே போதும். ஒரே வட்டமாகச் சுற்றினால் எடை அதிகமாக ஒரு பக்கக் கணுக்காலிலும் இடுப்பிலும் இறங்கும். தண்ணீர்த் தொட்டியையும் மாடிப்படி அறையையும் சுற்றி எட்டு போட்டு ஓடுங்கள். திருப்பம் இரு பக்கமும் மாறி மாறி வரும். குறுகிய திருப்பங்களில் ஜிபிஎஸ் வாட்ச் வாய்க்கு வந்ததைச் சொல்லும். தூரத்தை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள்: 40 நிமிடம், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். சிமென்ட் தரை என்பதால் ஷூ கட்டாயம். விடிகாலைப் பனியில் ஓடு பதித்த தரை வழுக்கும், ஜாக்கிரதை. கீழ்வீட்டுக்காரர் தூக்கத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் இரண்டு நாள் மாடிப்படி. ஏறும்போது வேகமாக, இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து நடந்து. பிறகு படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றினால் கெண்டைக்கால் உறுதியாகும்.

நீண்ட ஓட்டத்தைத் தெரு திறந்தபின் பார்த்துக்கொள்ளலாம். காய்ச்சலோ நெஞ்சு வலியோ இருந்தால் ஓடவே கூடாது. கோவிட் வந்து போயிருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, முதலில் நடையில் ஆரம்பியுங்கள்.