பாஸ்வேர்டு மேனேஜர்: போன் கையில் இல்லாத நாளை நினைத்துத் தேர்ந்தெடுங்கள்

போன ஐப்பசி மழையில் என் போன் நனைந்து திரை கறுத்துப் போனது. லேப்டாப்தான் இருக்கிறதே, எல்லா பாஸ்வேர்டும் மேனேஜரில், அதாவது அவற்றைப் பூட்டி வைத்துத் தேவையான இடத்தில் நிரப்பித் தரும் ஆப்பில், இருக்கிறதே என்று நிம்மதியாகத் திறந்தேன். மேனேஜரைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது, ஆனால் அடுத்த திரையில் ஆறு இலக்க எண் கேட்டது. அந்த எண்ணைத் தரும் ஆப் நனைந்த போனில் இருந்தது. அந்த மாதிரி நேரத்துக்கென்றே தரும் ரெக்கவரி கோடை எங்கே வைத்தேன் என்று யோசித்தால், அதே மேனேஜருக்குள் ஒரு குறிப்பாகச் சேமித்திருந்தேன். கடைக்காரர் டிஸ்பிளே மாற்றித் தரும்வரை இரண்டு நாள் கரண்ட் பில்கூடக் கட்ட முடியவில்லை.

அதிலிருந்து யாராவது "எந்த பாஸ்வேர்டு மேனேஜர் நல்லது?" என்று கேட்டால், முதலில் நான் கேட்பது உங்கள் வீட்டில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன, அதில் எது தொலைந்தால் மாட்டிக்கொள்வீர்கள் என்பதைத்தான். நான் பார்த்தவரை மக்கள் செய்யும் தவறுகளில் பாதி, இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் வருகிறது.

போனோடு வருவதையே அப்படியே வைத்துக்கொள்வது முதல் தவறு. ஆப்பிளின் பாஸ்வேர்ட்ஸ் ஆப், 2024-இல் ஐஓஎஸ் 18-உடன் தனி ஆப்பாக வந்தது, ஐபோனும் மேக்கும் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. விண்டோஸில்கூட ஐகிளவுட் வழியாகப் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டுக்கு மட்டும் இல்லை. கூகுளுடையது ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் சுகமாக ஓடும், ஐபோனிலும் குரோம் ஆப் வழியாக நிரப்பும், ஆனால் கம்ப்யூட்டரில் ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துபவர் ஒவ்வொன்றாகத் தேடிக் காப்பி செய்ய வேண்டியதுதான். மனைவி கையில் ஐபோன், கணவர் கையில் ஆண்ட்ராய்டு, மேசையில் ஆபீஸ் கொடுத்த விண்டோஸ் லேப்டாப் என்று இருக்கும் வீட்டுக்கு, எந்த நிறுவனத்தின் போனையும் சாராத ஒன்றுதான் ஒத்துவரும்.

அடுத்தது 'இலவசம்' என்ற சொல்லோடு படிப்பதை நிறுத்திவிடுவது. எத்தனை கருவிகளுக்கு இலவசம் என்று பாருங்கள். லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜர் 2021 மார்ச்சில் இலவசக் கணக்குகளை ஒரே வகைக் கருவிக்கு மட்டும் என்று சுருக்கியது, கம்ப்யூட்டர் அல்லது மொபைல், ஏதாவது ஒன்று. இரண்டிலும் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் பணம் கட்ட வேண்டும் அல்லது வேறு இடம் பார்க்க வேண்டும் என்றானது. பிட்வார்டனின் இலவசக் கணக்கில் கருவி வரம்பு இல்லை, புரோட்டான் பாஸிலும் இல்லை. ஒன்பாஸ்வேர்டு நல்ல ஆப், ஆனால் அதற்கு இலவசத் திட்டமே கிடையாது. தவிர, புதுக் கருவியில் நுழைய பாஸ்வேர்டோடு 'சீக்ரெட் கீ' என்ற நீண்ட எழுத்துவரிசையும் வேண்டும். அந்தத் தாளைப் பத்திரப்படுத்த மாட்டேன் என்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

உள்ளே போவதைப் பார்க்கும் அக்கறையில் பாதிகூட யாரும் ஒரு மேனேஜரை விட்டு வெளியே வரும் வழியில் காட்டுவதில்லை, எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. டிராப்பாக்ஸ் தன் பாஸ்வேர்டு சேவையை 2025 அக்டோபரில் மூடியது. மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டர் ஆப்பில் சேமித்த பாஸ்வேர்டுகள் 2025 ஆகஸ்டிலிருந்து கிடைக்காமல் போயின. பெரிய கம்பெனி, மூடமாட்டார்கள் என்று நம்பி உட்கார முடியாது. அதனால் முதல் நாளே நாலைந்து பொய்க் கணக்குகளைப் போட்டு எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிஎஸ்வி கோப்பு வரும். அதை நோட்பேடில் திறந்தால் எல்லாப் பாஸ்வேர்டும் பச்சையாகத் தெரியும், யார் எடுத்தாலும் படிக்கலாம். உண்மையான கணக்குகளை எக்ஸ்போர்ட் செய்யும் நாளில், வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள், அந்த ஃபோல்டர் டிரைவோடு சிங்க் ஆகிறதென்றால் அங்கேயும் போய்ப் பாருங்கள். பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாக விரல்ரேகை, முகம் போன்றவற்றால் நுழைய உதவும் டிஜிட்டல் சாவி, இந்தச் சிஎஸ்வியில் வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

மாஸ்டர் பாஸ்வேர்டு பற்றி ஒன்று. 2022-இல் லாஸ்ட்பாஸில் நடந்த திருட்டில் வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் நகலே போய்விட்டது. எந்தெந்தத் தளம் என்ற முகவரிகள் பூட்டப்படாமலே இருந்தன, உள்ளே இருந்த பாஸ்வேர்டுகளைக் காத்தது அவரவர் மாஸ்டர் பாஸ்வேர்டின் பலம்தான். அதனால் நீளமாக வையுங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்கள் போதும். தமிழ்ச் சொற்களாக இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் தமிழ் எழுத்தில் வைக்காதீர்கள், ஆங்கில எழுத்தில் அடியுங்கள். 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ொ' என்பதை, கம்ப்யூட்டர் எழுத்துகளைப் பதியும் முறையான யூனிகோடில், ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறுவேறு. வீட்டு லேப்டாப்பில் ஒரு விதமாகவும் போனில் வேறு விதமாகவும் பதிந்தால், சரியான பாஸ்வேர்டையே தவறு என்று சொல்லும் வாய்ப்பு இருக்கிறது. அவசரத்துக்கு வாங்கும் இன்னொருவர் லேப்டாப்பில் தமிழ் கீபோர்டு இருக்குமா என்பது வேறு கேள்வி.

புதுப் போனில் எல்லாம் அழகாக ஓடும், அதில் சோதித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அப்பாவின் பழைய போனில் போட்டுப் பாருங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் மேனேஜரின் பிரவுசர் எக்ஸ்டென்ஷனைப் போடவே விடமாட்டார்கள் என்றால், போனில் பார்த்து அடிக்கத்தான் வேண்டியிருக்கும், அதற்கு நீளமான, ஆனால் படிக்கக்கூடிய பாஸ்வேர்டுகளை உருவாக்கித் தரும் மேனேஜர் வசதி. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் தானாக நிரப்பும் ஆட்டோஃபில் சேவையாக உங்கள் ஆப்பை நீங்களே தேர்வு செய்ய வேண்டும், அதைச் செய்யாமல் "வேலையே செய்யல" என்று அழித்தவர்களை எனக்குத் தெரியும். கூடவே பிரவுசர் தானாகச் சேமிப்பதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் புதுப் பாஸ்வேர்டு ஒரு இடத்தில், பழையது இன்னொரு இடத்தில் என்று ஆறு மாதத்தில் குழம்பிவிடும்.

அப்புறம், ஏதோ ஒரு தளத்தில் தானாக நிரப்பவில்லை என்றால் உடனே காப்பி செய்து ஒட்டாதீர்கள். முகவரியை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். போலித் தளமாக இருந்தால் மேனேஜர் அதை அடையாளம் காணாமல் நிற்கும், அதுவே உங்களுக்கு எச்சரிக்கை.

கீபாஸ் வகை ஆப்களை நான் மிகவும் மதிக்கிறேன். எல்லாம் ஒரே கோப்பில், உங்கள் கையில், சந்தா கட்டாயமில்லை. கம்ப்யூட்டரில் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், ஐபோனில் கீபாசியம். ஆனால் அந்தக் கோப்பைக் கருவிகளுக்கிடையே சிங்க் செய்வது உங்கள் பொறுப்பு, போனிலும் லேப்டாப்பிலும் ஒரே நாளில் மாற்றினால் இரண்டு பிரதி வந்து நிற்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கப் பொறுமை உள்ளவர்களுக்குச் சரி, அம்மாவுக்கு அமைத்துக் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, மேனேஜருக்குள் மட்டும் இருக்கக்கூடாதவை மூன்று: மாஸ்டர் பாஸ்வேர்டு, ரெக்கவரி கோட், உங்கள் மெயில் பாஸ்வேர்டு. மெயில் ஏன் என்றால், இரட்டைச் சரிபார்ப்பு (என்னிடம் கேட்ட ஆறு இலக்க எண் மாதிரி) வைக்காத கணக்கில் புதுக் கருவியிலிருந்து நுழைந்தால் பிட்வார்டன் மெயிலுக்குத்தான் எண் அனுப்பும், அந்த மெயிலின் பாஸ்வேர்டும் உள்ளே இருந்தால் வெளியேதான் நிற்க வேண்டும். மூன்றையும் தாளில் எழுதி பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள், வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்துவிட்டு, லேப்டாப்பில் லாகவுட் செய்து, அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள். போக முடிந்த பிறகு பழைய பாஸ்வேர்டு நோட்டைக் கிழிக்கலாம்.